நகமா, சிப்பியா?

தோழியரே, அகரம் பக்கம் குடகனாற்று மணலில் வளைந்த கல்லொன்று கிடைத்தால், "டைனோசர் நகம்!" என்று துள்ளிவிடாதீர்கள். திண்டுக்கல் மலையும் சுற்றியுள்ள பாறைகளும் 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்குத் திருச்சியைத் தாண்டி, முன்னொரு காலத்தில் கடல் புகுந்திருந்த அரியலூர்ச் சீமைக்குப் போகவேண்டும்.

அங்கும் ஏமாற வழியுண்டு. சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புப் பாறையில் கிரைஃபியா என்னும் சிப்பி ஏராளம். அதன் தடித்து வளைந்த ஓடு பெரிய கால்நகம் போலவே இருக்கும். இங்கிலாந்துக் கிராமத்தார் இவ்வினச் சிப்பியைச் 'சாத்தானின் கால்நகம்' என்றே அழைத்தனர். காரை கிராமத்தருகே கிடைக்கும் கூரிய பெலெம்னைட்டும் நகமன்று. அது கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு.

மெய்யான நகத்தை அறிய நம் சமையலறையே போதும். வெந்நீரில் போட்ட கோழிக்காலின் நகத்தை இழுத்தால் மேலுறை கழன்று, உள்ளே சிறு எலும்பு தெரியும். (கோழியும் டைனோசர் வழிவந்ததே!) புதைபடிவமாக எஞ்சுவது பெரும்பாலும் இந்த உள்ளெலும்புதான். அதன் அடியில் விரலெலும்போடு பொருந்தும் மூட்டுக்குழி இருக்கும். இருபக்கமும் நுனி நோக்கி ஓடும் பள்ளக்கோடு இருக்கும். கீழ்ப்புறம் தசைநாண் பற்றும் புடைப்பு இருக்கும். உடைந்த இடத்தில் நுண்துளைகள் தெரியும். சிப்பியிலோ அடுக்கடுக்கான வளர்ச்சி வரிகள். சுறாப்பல்லில் எனாமல் பளபளப்பு. மூட்டுக்குழி இவை இரண்டிலும் இல்லை.

அறிஞர்களும் தடுமாறியதுண்டு. இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை மூக்கின்மேல் கொம்பாக வைத்தார் மாண்டெல். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே அது கைக்குத் திரும்பியது. மங்கோலியாவில் 1948இல் கிடைத்த அரை மீட்டருக்கும் நீண்ட நகங்களை, ராட்சத ஆமை போன்றதொரு பிராணியுடையவை என்று 1954இல் எழுதினர். அது தெரிசினோசாரஸ் என்னும் டைனோசர்.

நம் அரியலூர்க் கதைதான் மனத்தை வருத்துவது. கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். கணைக்காலெலும்பு மட்டும் 2 மீட்டர்! முதலில் ஊனுண்ணி என்றனர்; பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றனர். ஒரே ஒரு கால்நகம் கிடைத்திருந்தால் ஐயம் விரைவில் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எலும்புகளோ நொறுங்கிப் போயின. 2022இல் வெளியான பழைய புகைப்படங்களே இன்று எஞ்சியுள்ள சான்று.

ஆகவே அந்தப் பக்கம் செல்வோர் எதையும் தோண்டி எடுக்கவேண்டாம். பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.