ஜாஸ் இசையும் தட்டுச் சேகரித்தோரும்

எழுத்தில் அமைந்த கலைக்கும் எழுத்தில் அமையாத கலைக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. புலவன் மறைந்தாலும் அவன் பாடிய பாட்டு ஏட்டிலே எஞ்சுகின்றது. ஆனால், மேடையிலே ஒரு கணத்திற் பிறந்து மறுகணத்தில் மறைந்துவிடும் இசைக்கு ஏடு ஏது? நமது கச்சேரிகளிலே வித்துவான் ஒருவர் தம் மனோதர்மத்தால் ஓர் இராகத்தை விரித்து ஆலாபனை செய்கின்றார். கீர்த்தனையைச் சுரப்படுத்தி அச்சிட்டுவிடலாம். அன்றிரவு அவர் செய்த ஆலாபனையை அச்சிட முடியுமா? அது கேட்டவர் நெஞ்சிலே நிற்கும். கேட்டவரும் மறைந்தால் அதுவும் மறைந்துபோகும்.

அமெரிக்க நாட்டிலே கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவிய ஜாஸ் இசையும் இத்தகையதே. மெட்டு ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, வாசிக்கும்போதே கற்பனை செய்து வாசிப்பது அதன் உயிர்நாடி. அந்த இசையின் சரித்திரத்தை முதன்முதலில் எழுதியவர் யாவர் என்று ஆராய்ந்தால் வியப்பான உண்மையொன்று புலப்படுகின்றது. முதலில் அதனை எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரிந்து, அவற்றைப் பற்றித் தமக்குள்ளே ஓயாது வாதாடிக்கொண்டிருந்த சாதாரண இரசிகர்களே. அவர்களைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், தட்டு இல்லையென்றால் நேர்வது என்னவென்று பார்ப்போம். நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பட்டி போல்டன் என்றொரு கோர்னெட் கலைஞர் இருந்தார். ஜாஸ் இசைக்கு வழிவகுத்தவருள் முதல்வர் என்று அவர் காலத்துக் கலைஞர்கள் அவரைப் போற்றினர். 1907ஆம் ஆண்டிலே அவர் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். 1931ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். அவருடைய வாசிப்பு ஒரு மெழுகு உருளையிலே பதிவு செய்யப்பட்டதென்று அவருடன் வாசித்தவர் ஒருவர் சொன்னார். சேகரிப்போர் அந்த உருளையைத் தேடாத இடமில்லை. அது இன்றுவரை அகப்படவில்லை. ஆகவே போல்டன் நமக்கு ஒரு பெயராக நிற்கின்றாரேயன்றி, ஓசையாக நிற்கவில்லை.

ஜாஸ் என்ற பெயருடன் வெளிவந்த முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிற் பதிவாயிற்று. அதில் வாசித்தோர் அனைவரும் வெள்ளையர். அவ்விசையைத் தோற்றுவித்த கறுப்பினக் கலைஞர்களின் முறை சற்றுத் தாமதித்தே வந்தது. 1923ஆம் ஆண்டிலே கிங் ஒலிவரின் குழுவினர், இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ரோங்குடன், இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் என்னும் ஊருக்குச் சென்று தட்டுகள் பதிவு செய்தனர். பியானோ உற்பத்திச்சாலை ஒன்றின் வளவிலே, இரயிற்பாதைக்கு அருகில் இருந்தது அந்தப் பதிவுக்கூடம். இரயில் வரும்போது பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். தட்டுப் பதிவிலே மின்சார ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வராத காலம் அது. பெரியதொரு கூம்பின் முன்னே நின்று வாசித்தால், அவ்வோசையின் அதிர்வு மெழுகிலே கோடாகப் பதியும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலே அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிட இசையே. ஓர் இரவு முழுவதும் வாசிக்கக்கூடிய கலைஞர், தம் கற்பனை முழுவதையும் மூன்று நிமிடங்களுக்குள் சுருக்கித் தந்தார்.

இத்தகைய தட்டுகளுட் பல, கறுப்பின மக்களுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்ட வரிசை எண்களில் வெளியாயின. ஓகே என்னும் கம்பெனி 1921ஆம் ஆண்டிலே அவ்வாறானதொரு வரிசையைத் தொடங்கிற்று. வெள்ளையர் வசித்த பகுதிகளின் கடைகளிலே அத்தட்டுகள் கிடைப்பது அரிது. மேலும், தட்டின் நடுவிலுள்ள காகிதத்திலே குழுத் தலைவரின் பெயர் இருக்கும். ஏனையோர் பெயர் இராது. சில வேளைகளில் தலைவரின் பெயரே மாறியிருக்கும். 1926ஆம் ஆண்டில் லில்ஸ் ஹொட் ஷொட்ஸ் என்ற பெயரிலே ஒரு தட்டு வெளிவந்தது. வாசித்தவர்களோ ஆம்ஸ்ட்ரோங்கின் புகழ்பெற்ற ஹொட் ஃபைவ் குழுவினர்! ஆம்ஸ்ட்ரோங் வேறொரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தமையால், அவருடைய மனைவியாகிய லில் என்பாரின் பெயர் முன்னே நின்றது.

இரசிகர்களின் வாதம் பிறந்த இடம் இதுதான். ‘இந்த ட்ரம்பெட்டை வாசிப்பவர் இன்னார்’ என்பார் ஒருவர். ‘அல்ல, அவர் இவ்வளவு தாழ்ந்த சுருதியில் நிற்கமாட்டார்’ என்பார் மற்றவர். ஒருவர் மூச்சு விடும் இடத்தையும் மற்றவர் விரல் தடுக்கும் இடத்தையும் சான்றாகக் காட்டுவார்கள். பின்னர், தட்டை வெளிச்சத்திலே சாய்த்துப் பிடித்து, ஒலிக்கோடுகள் முடியும் இடத்துக்கும் காகிதத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை ஆராய்வார்கள். அங்கே சிறிய இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டு எந்தத் தாய்த்தட்டிலிருந்து வார்க்கப்பட்டது, அது எத்தனையாவது தடவை வாசித்தது என்பவற்றை அவ்விலக்கங்கள் உணர்த்தும். பெயரை மறைத்து விற்ற கம்பெனிகள் பலவும் அவ்விலக்கத்தை மறைக்கவில்லை.

இவ்வாறு சேர்ந்த செய்திகளை முறைப்படுத்தி நூலாக்கியவர் சார்ல்ஸ் டிலோனே என்னும் பிரெஞ்சு இளைஞர். ஓவியர் இருவரின் புதல்வரான இவர், பாரிஸ் நகரத்து ஹொட் கிளப் என்னும் இரசிகர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1936ஆம் ஆண்டிலே ‘ஹொட் டிஸ்கோகிரபி’ என்ற நூலை அவர் வெளியிட்டார். எந்தத் தட்டில் யார் யார் எந்த வாத்தியத்தை வாசித்தனர், எப்போது, எங்கே பதிவாயிற்று என்று வரிசைப்படுத்திய தட்டு விவரநூல் அது. பின்னர், இங்கிலாந்திலே பிபிசி நிறுவனத்தின் இசைத்தட்டு நூலகத்திற் பணியாற்றிய பிரையன் ரஸ்ற் என்பவர், 1961ஆம் ஆண்டு முதல் இன்னும் விரிவான விவரநூலை வெளியிடலானார். வானொலி நிலையத்துத் தட்டறையிலே வேலை செய்த ஒருவர் இப்பெரும்பணியைச் செய்தார் என்பது வானொலி கேட்கும் நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

பாடசாலையிலே சரித்திரம் கற்பிக்கும் எனக்கு இதில் ஒரு செய்தி முக்கியமாகத் தோன்றுகின்றது. விவரநூலொன்றிலே ஒரு கலைஞரின் பெயர் ஏறுவது வெறும் புள்ளிவிவரம் அன்று. கூலி வாங்கிக்கொண்டு வாசித்துவிட்டுப் பெயரின்றிப் போன ஒரு மனிதருக்கு, அவருடைய கைவேலை திருப்பிக் கொடுக்கப்படுகின்றது என்பதே அதன் பொருள்.

ஆயினும், சேகரிப்போருக்கு அத்தட்டுகள் எங்கிருந்து கிடைத்தன? அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளிலும் அவர்கள் வீடு வீடாகச் சென்று, ‘பழைய தட்டு இருக்கின்றதா?’ என்று கேட்டு வாங்கினார்கள். சில்லறைக் காசுக்கு வாங்கிய தட்டுகள் பிற்காலத்திலே பெருவிலை பெற்றன. ஆகவே, முதற் சேகரிப்பாளர்கள் என்னும் பெருமை, உழைத்துச் சேர்த்த காசிலே தட்டு வாங்கி, கேட்டு, உடையாமற் பாதுகாத்து வைத்திருந்த அந்த ஏழைக் குடும்பங்களுக்கே உரியது. அவர்களின் பெயர் எந்த விவரநூலிலும் இல்லை.

இரசிகர்கள் சேகரிப்பதோடு நின்றுவிடவுமில்லை. நியூயோர்க் நகரிலே கொமடோர் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ற் கேபிளர், விற்பனையில் இல்லாத பழைய பதிவுகளைக் கம்பெனிகளிடம் உரிமை பெற்று மீண்டும் வெளியிட்டார். காகிதத்திலே வாசித்தோர் அனைவரின் பெயரையும் அச்சிட்டார். ஜோர்ஜ் அவாகியன் என்பவர், யேல் பல்கலைக்கழகத்து மாணவராக இருக்கும்போதே, சிக்காகோ நகரத்துப் பாணியை விளக்கும் தட்டுத் தொகுதி ஒன்றை உருவாக்கினார். ஆல்பம் என்று நாம் சொல்கின்றோமே, அக்காலத்தில் அது உண்மையாகவே ஆல்பந்தான். நிழற்படப் புத்தகம் போலத் தடித்த அட்டை கட்டி, உள்ளே தாள்களுக்குப் பதிலாகத் தட்டுகளை வைக்கும் உறைகள் கோக்கப்பட்டிருக்கும். நீண்டநேரம் ஓடும் ஒற்றைத்தட்டு 1948ஆம் ஆண்டிலே வந்த பின்னரும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

ஹொலிவுட்டிலே தட்டுக்கடை வைத்திருந்த ரொஸ் றசல், 1946ஆம் ஆண்டிலே டயல் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். அக்கம்பெனிக்காகச் சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் 1947ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரே நாளிலே ஒரே பாட்டை இரு தடவை வாசித்தார். ‘எம்பிரேசபிள் யூ’ என்பது அப்பாட்டு. இரண்டு பதிவுகளும் வெளிவந்துள்ளன. கேட்டுப் பாருங்கள்: முதலாவதிற் செய்த கற்பனை இரண்டாவதில் இல்லை. சில நிமிட இடைவெளியிலே வேறோர் உலகம் படைக்கப்பட்டிருக்கின்றது. ‘ஒரே பாட்டுக்கு இரண்டு தட்டு எதற்கு?’ என்று சேகரிப்போரைப் பரிகசிப்போர்க்கு இதுவே தக்க விடை.

இனி, இழப்பையும் சொல்ல வேண்டும். பழைய தட்டுகள் அரக்கினாற் செய்யப்பட்டவை. அரக்கு இந்தியாவிலே மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அதன் வரவு குறைய, 1942ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் தட்டுத் தொழிலுக்கான அரக்கைப் பெரிதும் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று, அரைத்துப் புதிய தட்டு வார்த்தார்கள். எத்தனை அரிய பதிவுகள் அவ்வாறு தூளாயினவோ! அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் இசைக் கலைஞர் சங்கம் கம்பெனிகளுக்கு எதிராகப் பதிவு நிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகள் சில 1944ஆம் ஆண்டின் இறுதியிலேயே இணங்கின. பீபொப் எனப்படும் புதிய ஜாஸ் நியூயோர்க் விடுதிகளிலே உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே அதன் வளர்ச்சிக்குத் தட்டுச் சான்று மிகக் குறைவு. அந்நிறுத்தத்துக்கு முந்திய ஆண்டிலே ஜெரி நியூமன் என்ற பல்கலைக்கழக மாணவர், பதிவுக் கருவியொன்றைச் சுமந்துகொண்டு மின்ரன்ஸ் விடுதிக்குச் சென்றார். கிற்றார் கலைஞர் சார்லி கிறிஸ்ரியன் அங்கே வாசித்ததைப் பதிவு செய்தார். மறு ஆண்டு மார்ச் மாதத்திலே கிறிஸ்ரியன் தமது 25ஆம் வயதில் காலமானார். அம்மாணவரின் ஆர்வம் இல்லையேல் அவ்விரவுகளும் போல்டனின் உருளையைப் போலவே மறைந்திருக்கும்.

சேகரிப்போரைப் புகழ்ந்துகொண்டே போவது நடுநிலையாகாது. அன்பு மிகுந்த இடத்திலே மயக்கமும் மிகும். 1939ஆம் ஆண்டிலே ‘ஜாஸ்மென்’ என்ற நூலைத் தயாரித்த இரசிகர்கள், லூசியானா மாநிலத்துச் சிற்றூரொன்றிற் கூலிவேலை செய்துகொண்டிருந்த பங்க் ஜோன்சன் என்ற முதியவரைக் கண்டுபிடித்தனர். பல்லிழந்து, வாசிப்பை விட்டவர் அவர். இரசிகர்கள் ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தார்கள், பல்லும் கட்டுவித்தார்கள். 1942ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் வாசித்துத் தட்டில் இடம்பெற்றார். மனத்தை உருக்கும் கதைதான். ஆனால், தாம் போல்டனுடன் வாசித்ததாக அவர் சொன்னதையும், சொன்ன வயதையும் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். கேட்க விரும்பியதைக் கேட்டபோது இரசிகர்கள் சான்று கேட்க மறந்துவிட்டனர்.

பிரெஞ்சு விமர்சகர் ஊக் பனாசியேயின் கதையும் இத்தகையதே. 1934ஆம் ஆண்டிலே அவர் எழுதிய முதல் நூலில் வெள்ளைக் கலைஞர்களுக்கு உயர்ந்த இடம் கொடுத்தார். சில ஆண்டுகளின் பின், தாம் இவ்விசையை முதலில் வெள்ளையர் வழியாகவே அறிய நேர்ந்ததால் தவறிழைத்ததாக ஒப்புக்கொண்டு, தம் கருத்தை மாற்றி எழுதினார். எத்துணைப் பெருந்தன்மை! ஆனால், அவரே பீபொப் வந்தபோது அது ஜாஸ் அன்று என்று செவியை மூடிக்கொண்டார். நண்பரான டிலோனேயுடன் பிணங்கினார், சங்கமே இரண்டுபட்டது. பழைய தட்டை நேசித்தவர் புதிய தட்டைக் கேட்க மறுத்தார்.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. லெனர்ட் ஃபெதர் என்னும் விமர்சகர், கலைஞர்களுக்குத் தட்டின் பெயரைச் சொல்லாமலே அதை இசைக்கச் செய்து, அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதிவந்தார். ரோய் எல்ரிட்ஜ் என்ற கறுப்பின ட்ரம்பெட் மேதை, வாசிப்பவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா என்பதைக் கேட்டே சொல்லிவிடலாம் என்று உறுதியாகக் கூறினார். வெள்ளையர் குழுக்களுடன் ஊரூராய்ச் சென்று, அக்குழுக்களை வரவேற்ற விடுதிகளிலேயே தாம் மட்டும் இடம் மறுக்கப்பட்டவர் அவர். அவருடைய கசப்புக்குக் காரணமில்லை என்று எவரும் சொல்லார். 1951ஆம் ஆண்டிலே சோதனை நடந்தது. பலவற்றில் அவர் தவறினார். தவறியதை மறையாமல் ஏற்றுக்கொண்டார். சுழலும் தட்டுக்கு நிறம் தெரியவில்லை.

நேயர்களே, இரசனை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதிலே வாதாட என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்பர். வாதாடியதனாலேயே ஜாஸ் இசைக்குச் சரித்திரம் கிடைத்தது என்பதை இவ்விரசிகர்கள் நிரூபித்துள்ளனர். ஆனால், அவர்கள் வாதம் பயன் தந்தது எப்போது? ‘நான் சொல்வதே சரி’ என்று நின்றபோது அன்று. ‘வாருங்கள், தட்டை இன்னொரு முறை கேட்போம்’ என்று ஊசியைத் தூக்கி மீண்டும் தொடக்கத்தில் வைத்தபோதுதான்.