மனிதன் என்னும் கேள்வி – 7: கடைச் சுவரில் ஒரு கடிகாரம்

ராபர்ட் ஓவனின் நியூ லானார்க் பஞ்சாலையைச் சென்ற வாரம் பார்த்தோம். பத்து வயது நிறையாத பிள்ளைகளை அவர் வேலைக்கு எடுக்கவில்லை. அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நான்கு மாதம் நின்றபோதும் முழுக் கூலி கொடுத்தார். மனிதனின் குணம் அவன் உண்டாக்கிக்கொண்டதல்ல, அவன் வளர்ந்த சூழல் உண்டாக்கியது என்பது அவர் கொள்கை. சூழலைத் திருத்தினால் சுயநலம் தானாக உதிரும் என்று உறுதியாக நம்பினார்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஆலையில் ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் ஒரு சிறு மரக்கட்டை தொங்கும். நான்கு பக்கம், நான்கு நிறம். நேற்றைய நடத்தை மோசம் என்றால் கறுப்புப் பக்கம் முன்னால் தெரியும். மிக நன்று என்றால் வெள்ளை. திருப்பி வைப்பது மேற்பார்வையாளர். சூழல் மாறியது உண்மைதான். ஆனால் மாற்றியவர் முதலாளி. மாற்றப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

1825-இல் ஓவன் அமெரிக்காவின் இண்டியானாவில், வாபாஷ் ஆற்றங்கரையில் ஓர் ஊரையே விலைக்கு வாங்கி நியூ ஹார்மனி என்று பெயரிட்டார். வீடும் பட்டறையும் தோட்டமும் ஏற்கெனவே இருந்தன. விருப்பமுள்ளவர் வரலாம் என்றார், நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அறிவியலாளர்கள் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. தொடங்கி வைத்த ஓவனோ முதல் ஆண்டில் பெரும்பகுதி ஊரிலேயே இல்லை. 1826 பிப்ரவரியில் எல்லாரும் சமம், உடைமை பொது என்று சாசனம் எழுதினார்கள். அந்தச் சமத்துவத்தில் பெண்கள் பொது வேலையையும் செய்து, வீட்டு வேலையையும் சுமந்தார்கள். 1827-இல் எல்லாம் கலைந்தது.

ஜோசையா வாரன் அங்கே குடும்பத்தோடு வந்து வாழ்ந்தவர். இசைக் கலைஞர், கொழுப்பில் எரியும் விளக்கொன்றைக் கண்டுபிடித்தவர். ஆளுக்கு ஆள் வேறுபடுவதுதான் இயற்கை, எல்லாருடைய நலனையும் ஒரே முடிச்சில் கட்டினால் சண்டைதான் மிஞ்சும் என்ற முடிவோடு சின்சினாட்டிக்குத் திரும்பினார். அதே 1827-இல் அங்கே ஒரு கடை திறந்தார். பொருளுக்கு அடக்க விலையும் சிறு செலவுத் தொகையும் மட்டும். கடைக்காரர் உங்களுக்காகச் செலவிட்ட நிமிடங்களைக் கடிகாரம் காட்டும். அதற்கு ஈடாக உங்கள் உழைப்பு நேரத்தைத் தருவதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தச்சரானால் தச்சு வேலை.

1832-இல் லண்டனில் ஓவனும் ஒரு சந்தை திறந்தார். அங்கேயும் உழைப்பு மணிநேரம் குறித்த சீட்டுத்தான் பணம்! சமூகமே முதல் என்றவரும் தனிமனிதனே முதல் என்றவரும் ஒரே அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் உழைப்பை இன்னொருவர் தின்பதை இருவராலும் பொறுக்க முடியவில்லை. பொதுவுடைமைக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் நடுவே நாம் இழுக்கிற கோடு, அந்த இடத்தில் அழிந்துவிடுகிறது.

ஆனால் பிரிவு இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஓவன் சான்று காட்டியது பிள்ளைகளையும் தன் கீழ் கூலிக்கு நின்றவர்களையும் வைத்து. வாரன் கண்டது, தானே முடிவெடுக்கப் பழகிய பெரியவர்களை. பிள்ளைகள் விஷயத்தில் ஓவன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். வளர்ந்தவர்களின் சூழலை அவர்களே அமைக்காமல் வேறொருவர் அமைத்துக் கொடுத்தால், அது எவ்வளவு நல்லதானாலும், பக்கத்தில் அந்த மரக்கட்டையும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

(தொடரும்)