சேற்றில் உழைத்த பழைய டிராக்டர்: விலை பேசுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்ததும், டெல்டா மாவட்டங்களில் பலர் பழைய டிராக்டர் தேடத் தொடங்குகிறார்கள். புதிய வண்டி வாங்க வசதி இல்லை. வாடகை வண்டியோ நடவு நேரத்தில் கிடைப்பதில்லை. அதனால் நகையை அடகு வைத்தாவது ஒரு பழைய வண்டி வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவு தவறல்ல. வண்டியின் விலையை எப்படிக் கணிப்பது என்று தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

புது பெயின்ட், புது சீட், பளபளக்கும் பானெட் ஆகியவற்றைப் பார்த்து விலை பேசுகிறோம். நன்செய் வயலில் ஓடிய வண்டிக்கு நோய் அங்கே இருக்காது. அச்சுக்குக் கீழே, சேறும் தண்ணீரும் நின்ற இடத்தில் இருக்கும். வண்டியை அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

சேற்றுழவு வண்டியை என்ன செய்கிறது?

புன்செய் நிலத்தில் 5,000 மணி நேரம் ஓடிய வண்டியும், சேற்றுழவில் 5,000 மணி நேரம் ஓடிய வண்டியும் ஒன்றல்ல. சேற்றில் அச்சு வரை தண்ணீர் நிற்கும். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், ஆயில் வெளியே வரும். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓடும் பேரிங்கும் பற்சக்கரமும் சீக்கிரம் கெடும்.

அடுத்தது கேஜ் வீல். டயருக்கு வெளியே மாட்டும் இரும்புச் சக்கரம் பின் அச்சின் மேல் கூடுதல் பாரத்தைப் போடுகிறது. கேஜ் வீலோடு வரப்பு ஏறி இறங்கிய வண்டியில் அச்சுக் குழல், அதன் போல்ட்டுகள், கிளட்ச் ஹவுசிங் ஆகியவற்றில் விரிசலோ வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது பெயின்ட் அடித்த வண்டியில் இந்த இடங்களைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் செய்த தடம் பெயின்டுக்கு அடியிலும் மேடாகத் தெரியும்.

கடலோரக் கிராமங்களில் உப்புத் தண்ணீர் பட்ட வண்டி என்றால் ஃபுட் போர்டு, மட்கார்டு, சக்கர டிஸ்க் ஆகியவற்றின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தால் விலையைக் குறைத்தே பேச வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில் தொடங்குங்கள்

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு சோதனைகள். ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் பழுது இருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த மூடியைத் திறக்கவே கூடாது.

ஸ்டார்ட் செய்த பிறகு புகையைக் கவனியுங்கள்:

- நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம்.
- பாரம் இல்லாதபோதே கரும்புகை வந்தால் இன்ஜெக்டர், டீசல் பம்பு அல்லது ஏர் கிளீனரில் குறை.
- இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வரலாம். புகை குபுகுபுவென்று தள்ளினால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். வண்டியின் செலவுகளில் பெரியது இதுதான்.

வயலில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

ரோட்டில் ஓட்டிக் காட்டுவது போதாது. ரோட்டாவேட்டரோ கலப்பையோ மாட்டி, குறைந்தது அரை மணி நேரம் உழுது பாருங்கள். உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக்கின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

*கிளட்ச்:* சமதரையில் உயர் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இதை ஒரு முறை செய்தால் போதும்.

*கியர்:* ஒவ்வொரு கியரிலும் பாரத்தோடு ஓட்டுங்கள். கியர் தானாக நழுவி விழுந்தால் கியர் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்.

*ஹைட்ராலிக்:* கருவியை மேலே தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். சில நிமிடங்களுக்குள் கருவி தரைக்கு இறங்கிவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது. தூக்கிய கருவிக்கு அடியில் யாரும் கையோ காலோ வைக்கக் கூடாது.

*பிரேக்:* இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாகச் சோதியுங்கள். சேற்றில் உழைத்த வண்டியில் அச்சு ஆயில் கசிந்து ஒரு பக்க பிரேக் பிடிக்காமல் போவது உண்டு. பின் சக்கரத்தின் உட்புறம் ஆயிலும் மண்ணும் சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம்.

*முன் அச்சு:* முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். அதிக ஆட்டம் இருந்தால் கிங் பின், புஷ், பேரிங் தேய்ந்திருக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முன் அச்சில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். அங்கே பழுது பார்க்கச் செலவு அதிகம்.

உழுது முடித்ததும் இன்ஜினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆன வண்டி சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுத்தால், டீசல் பம்பை மெக்கானிக்கிடம் காட்டாமல் விலை பேச வேண்டாம்.

டயரின் வயது டயரிலேயே இருக்கிறது

பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயருக்கு அதிக நாள் ஆயுள் இல்லை. டயருக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டிய வண்டியில் வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹவர் மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

மீட்டரை மாற்றலாம், கேபிளைக் கழற்றி வைக்கலாம். அதனால் மீட்டரை வண்டியோடு ஒப்பிட வேண்டும். கிளட்ச் பெடல், பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் கைபட்டு வழுவழுப்பாகி, இணைப்புக் கம்பியின் ஓட்டைகள் நீள்வட்டமாகிப் போயிருக்க, மீட்டர் மட்டும் 2,000 மணி காட்டினால் அது பொருந்தாது. சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதில் குறித்த மணி நேரத்தைப் பாருங்கள். வாடகைக்கு ஓடிய வண்டியா, சொந்த வயலில் மட்டும் ஓடியதா என்று அந்த ஊரில் நான்கு பேரிடம் விசாரியுங்கள். மீட்டரில் சந்தேகம் இருந்தால், வாடகை வண்டிக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

விலையைக் கணக்குப் போடுவது எப்படி?

விற்பவர் எந்த ஆண்டில் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அதே திறனுள்ள புது வண்டி இன்று என்ன விலை என்பதுதான் அடிப்படை. 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முன் 7 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டிக்கு இதனால் 49,000 ரூபாய் வரி குறைவு. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்க வேண்டும். பழைய பில்லைக் காட்டி விலை சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பேசுங்கள்.

பண்ணை இயந்திரத் தேய்மானக் கணக்கில் டிராக்டரின் ஆயுளை 10,000 மணி நேரம் என்றும், ஆயுள் முடிவில் அதன் மதிப்பு புது விலையில் 10 விழுக்காடு என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

- புது வண்டியின் இன்றைய விலை: 7,50,000 ரூபாய்
- ஆயுள் முடிவில் மதிப்பு: 75,000 ரூபாய்
- மொத்தத் தேய்மானம்: 6,75,000 ரூபாய். மணிக்கு 67 ரூபாய் 50 காசு
- ஓடிய நேரம் 5,000 மணி. தேய்மானம்: 3,37,500 ரூபாய்
- நல்ல நிலையில் இருந்தால் மதிப்பு: 4,12,500 ரூபாய்

இதிலிருந்து வாங்கியவுடன் செய்ய வேண்டிய செலவைக் கழியுங்கள். பின் டயர் இரண்டு 40,000, கிளட்ச் வேலை 15,000, அச்சு சீல், பேரிங் 12,000, பெயர் மாற்றம் உள்ளிட்ட ஆவணச் செலவு 5,500 என்று வைத்தால் மொத்தம் 72,500 ரூபாய். ஆக, இந்த வண்டிக்கு நீங்கள் தரக்கூடிய விலை 3,40,000 ரூபாய்.

சந்தையில் இதைவிடக் கூடுதலாகத்தான் சொல்வார்கள். சர்வீஸ் புத்தகத்தோடு, ஒரே கையில் ஓடி, ஊரறிந்த வண்டி என்றால் சற்றுக் கூட்டித் தரலாம். ஆனால் இன்ஜின் வேலை பாக்கி உள்ள வண்டியை "குறைந்த விலைதானே" என்று வாங்கினால், வாங்கிய விலையோடு வேலைச் செலவும் சேர்ந்து நல்ல வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அதற்குள் நடவுப் பருவமும் போய்விடும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதை ஒட்டிக் குறுவை உழவு தொடங்கும் நேரத்தில் எல்லோரும் வண்டி தேடுவார்கள். அவசரத்தில் பேசும் விலை உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

ஆவணம் சரியில்லாத வண்டிக்கு மதிப்பு இல்லை

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு பொருந்துகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதை ஆர்.சி.யில் உள்ள குறிப்பும் எம்பரிவாகன் செயலியும் காட்டும். கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் கையொப்பமிட வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும் தேவை.

பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. டிரெய்லரும் சேர்த்து விலை பேசினால் அதன் ஆர்.சி.யையும் கேளுங்கள்.

"பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவர் மீது விழும். அதனால் விற்பவருக்கும் இது ஆபத்துதான். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி

உங்களுக்கு ஆண்டுக்கு எத்தனை மணி நேர வேலை இருக்கிறது? மூன்று ஏக்கர் நிலத்துக்கு மட்டும் வண்டி என்றால், அடகு வட்டி, டீசல், பழுது, காப்பீடு எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள். வாடகை உழவுச் செலவைவிட அது அதிகமாக இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முன்பதிவு செய்யலாம், அல்லது பக்கத்து வயல்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். வண்டி உங்களுக்கு உழைக்க வேண்டும். வண்டிக்காக நீங்கள் உழைக்கும் நிலை வரக் கூடாது.

கணக்குப் போட்ட தொகையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விலை பேசப் போங்கள். அதற்கு மேல் கேட்டால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று கிளம்பி வந்துவிடுங்கள். முன்பணத்தை அன்றைக்கே கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.