உங்களுக்குத் தெரியுமா? ரசிகர்களை எழுந்து ஆடவைத்த கச்சேரிப் படம்

1970களின் பிற்பகுதியில் பங்க் இசையிலிருந்து கிளைத்து, ராக் இசையோடு சிந்தசைசர் ஒலியையும் ஃபங்க் தாளத்தையும் இணைத்த பாணி 'நியூ வேவ்' எனப்படுகிறது. அப்பாணியின் முன்னோடிகளான நியூயார்க்கின் டாக்கிங் ஹெட்ஸ் குழுவினர் 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் நடத்திய கச்சேரிகளை இயக்குநர் ஜொனாதன் டெம்மி படம்பிடித்து, 1984இல் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என வெளியிட்டார்.

வெற்று மேடையில் பாடகர் டேவிட் பைர்ன் ஒரு கிதாரும் கேசட் பிளேயருமாகத் தனியே தொடங்க, பாட்டுக்குப் பாட்டு மற்றவர்கள் வந்து சேர, டிரம்ஸ் வைத்த மேடையைப் பணியாளர்கள் கண்ணெதிரே தள்ளிவந்து நிறுத்த, ஓர் இசைக்குழு உருவாவதையே காட்டும் இத்தொடக்கத்துக்கு இணையான காட்சி கச்சேரிப் படங்களில் அரிது. பின்னர் பைர்ன் அணியும் மிகப் பெருத்த கோட்டுக்கு ஜப்பானின் 'நோ' நாடக உடையே தூண்டுதலாக அமைந்தது.

கச்சேரிக்கு வந்தோரின் முகங்களை டெம்மி ஏறக்குறைய இறுதிவரை காட்டாததால், திரையரங்கில் கூடியவர்களே அக்கச்சேரியின் கூட்டமாக மாறிவிடுகின்றனர். 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு 2023இல் மறுபடி வெளியானபோதும் ரசிகர்கள் இருக்கை வரிசைகளுக்கு நடுவே எழுந்து ஆடினர். அவ்வாண்டு செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டபின், நெடுங்காலமாகப் பிரிந்திருந்த குழுவினர் நால்வரும் ஒரே மேடையில் அமர்ந்து, இயக்குநர் ஸ்பைக் லீயின் கேள்விகளுக்கு விடையளித்தனர்.