குங்கிலியத்துக்குள் ஓர் ஈ

திருச்சி பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியக் கட்டி ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே பட்டைத் துணுக்கு, தூசி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பூச்சிக் கால். குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசின்தான் குஜராத்தின் வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 5 கோடி ஆண்டுகளாகப் புதைந்து அம்பராகக் கிடக்கிறது. நம் பக்கத்துக் காரையிலும் அரியலூரிலும் தோண்டினால் வருவது பெரும்பாலும் சிப்பியும் அம்மோனைட்டும்தான். கடலடியாக இருந்த மண், ஈக்குத் தோதுப்படாது.

லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஹுகம் சிங், ஜெர்மனியின் யெஸ் ருஸ்ட், நியூயார்க்கின் டேவிட் கிரிமால்டி முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அம்பரிலிருந்து 100-க்கும் மேற்பட்ட கணுக்காலி இனங்கள் தேறின. வழக்கமாக அம்பரைத் தேய்த்து மெருகேற்றி வெளியே இருந்து எட்டித்தான் பார்க்க வேண்டும். இதுவோ முழுதாக இறுகாத பிசின். கரைப்பானில் போட்டால் கரைந்துவிடும். பூச்சி முழு உடலோடு வெளியே வரும்.

வந்த ஈ எந்த ஈ? ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈயிடமே பாடம் ஆரம்பிக்கலாம். லென்ஸை வைத்துச் சிறகைப் பாருங்கள். நாலாவது நீள நரம்பு நுனிக்கு அருகே சட்டென்று மடங்கி மூன்றாவதை நோக்கிப் போனால், வீட்டு ஈ வகை. மடங்காமல் விளிம்புக்கு ஓடினால், அதே ஜாடையில் சற்றுச் சிறியதான ஃபேனியா என்ற ஈயாக இருக்கலாம். மடங்கியதோடும் வேலை முடியவில்லை. முதுகில் நாலு கறுப்புக் கோடு என்றால் வீட்டு ஈ. அகலமாக இரண்டே கோடு என்றால் புண்ணிலும் கண்பீளையிலும் மொய்க்கும் சந்தை ஈ.

புதைபடிவத்தில் நிறத்தை நம்ப முடியாது. நரம்பு, முள்மயிர்களின் வரிசை, உணர்கொம்பு என்று போய், கடைசியில் ஆணின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பில்தான் பல வழக்குகள் தீரும். கிடைத்தது பெண் என்றால் பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆணுக்கொரு பெயர், பெண்ணுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் பிறகு விழித்த கதைகள் பூச்சியியலில் நிறைய.

இதெல்லாம் எதற்கு? ஆசியாவோடு மோதும் வரை இந்தியா தனித்தீவாக மிதந்தது. ஆகவே வேறெங்கும் இல்லாத பூச்சிகளே இங்கு இருந்திருக்கும் என்பது பழைய எதிர்பார்ப்பு. 2017-இல் ஃப்ராவ்கே ஸ்டெப்னர் குழு இந்த அம்பரில் இருந்த கடிக்கும் குறுங்கொசுக்களைச் சிறகும் கொம்புமாகப் பிரித்துப் பார்த்தது. அந்த எதிர்பார்ப்புக்கு மாறாக, அவற்றின் உறவுக்காரர்கள் ஐரோப்பாவின் பால்டிக் அம்பரில் இருந்தார்கள்.