வலிநிவாரணிகளும் புற்றுநோய் இடரும்

முன்னுரை
வலிநிவாரணிகள் புற்றுநோயை உண்டாக்குமா என்னும் வினா, அவற்றை ஒரே இனமாகக் கொள்கிறது. வேதியமைப்பிலும் செயற்பாட்டிலும் அவை வேறுபடுவதால், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

பெனசெட்டினும் பாராசிட்டமாலும்
1887இல் விற்பனைக்கு வந்த பெனசெட்டின், தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நெடுங்காலம் வழங்கப்பட்டது. இதனைப் பல்லாண்டுகள் மிகுதியாக உட்கொண்டோரிடம் சிறுநீரகச் சிதைவும் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் கண்டறியப்பட்டன. அமெரிக்கா 1983இல் இதனை விலக்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இதனை மனிதரிடம் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதற்பிரிவில் வைத்துள்ளது.

பெனசெட்டின் உடலில் பெரும்பாலும் பாராசிட்டமாலாகவே மாறுகிறது. எனினும் அம்முகமை பாராசிட்டமாலை, வகைப்படுத்தப் போதிய சான்றில்லாத மூன்றாம் பிரிவில் சேர்த்தது. இது தீங்கின்மைக்கான சான்றிதழ் அன்று. மேலும், கண்டறியப்படாத புற்றுநோயின் வலியே ஒருவரை மாத்திரையை நாடச் செய்திருக்கலாம். அந்நிலையில் விளைவே காரணமாகத் தோன்றும்.

ஆஸ்பிரின்
ஆஸ்பிரின், சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுத்து, அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களைக் குறைக்கிறது. லிஞ்ச் நோய்க்குறி என்னும் மரபுவழிக் குறைபாடுடையோர் நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினை ஈராண்டேனும் உட்கொண்டபோது, பிற்காலத்தில் பெருங்குடல் புற்றுநோய் குறைந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மாறாக, 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் பெற்ற நலமான முதியோரிடையே புற்றுநோய் இறப்பு சற்று மிகுந்திருந்தது.

முடிவுரை
ஒரே மருந்து ஒரு சாராருக்குக் காப்பாகவும் மற்றொரு சாராருக்குப் பயனற்றதாகவும் அமையக்கூடும். எம்மருந்து, எவ்வளவு, எத்தனை ஆண்டு, எவருக்கு என்னும் நான்கையும் குறிப்பிடாத பொதுக்கூற்று ஆய்வு முடிவாகாது.