விதையை மூடிய கலம்

டுரியான் பழத்தைப் பிளந்தால்தான் அதன் கொட்டை கண்ணில் படும். அந்த முள் தோடு, பூவாக இருந்தபோது சிறியதொரு சூற்பையாக இருந்தது. பூ உதிர்ந்தபின் சூற்பைச் சுவர் தடித்துத் தோடாயிற்று. உள்ளிருந்த சூல்கள் விதைகளாயின. இவ்வாறு விதையைச் சூற்பைக்குள் மூடி வளர்க்கும் தாவரங்களே ஆஞ்சியோஸ்பெர்ம்கள். நெல், மா, செம்பருத்தி, ஆர்க்கிட் என இவற்றில் ஏறத்தாழ 300,000 இனங்கள் உள்ளன.

'பூக்கும் தாவரங்கள்' என்றே இவற்றைப் பலரும் அழைக்கின்றனர். ஆனால், இச்சொல்லில் பூவைக் குறிக்கும் பகுதி எதுவும் இல்லை. கிரேக்கத்தில் 'அங்கெயோன்' என்பது கலம். 'ஸ்பெர்மா' என்பது விதை. இதய நோயாளிகளுக்குச் செய்யப்படும் ஆஞ்சியோகிராம் பரிசோதனையின் பெயரிலும் அதே 'அங்கெயோன்' உண்டு. இரத்தத்தைத் தாங்கும் குழாயும் ஒரு கலம்தானே! பால் ஹெர்மன் எனும் தாவரவியலாளர் 1690ஆம் ஆண்டில் இத்தாவரப் பெயரை உருவாக்கினார். அவர் அதற்கு முன்னர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றி, அங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்தவர். தமிழில் 'மூடுவிதைத் தாவரம்' என்பது அப்பெயரின் பொருளை அப்படியே தருகிறது. இலங்கைப் பாடநூல்கள் 'வித்துமூடியுளி' என்கின்றன.

மூடாத விதையுடையவை ஜிம்னோஸ்பெர்ம்கள். 'கிம்னோஸ்' என்றால் ஆடையற்றது. பைன் மரத்தின் கூம்பில் விதைகள் செதில்களின்மேல் வெறுமனே அமர்ந்திருக்கும். எம்பிங் வறுவலுக்குப் பயன்படும் பெலிஞ்சாவ் மரமும் இவ்வகையே. கிளையில் சிவந்து தொங்குவதைப் பார்ப்பவர் அதைப் பழம் என்றே எண்ணுவர். ஆயினும், அம்மரத்தில் சூற்பையே கிடையாது. அந்தச் சிவந்த தோல் விதைக்கே உரிய உறை. கண்ணுக்கு இரண்டும் பழம் போலத் தோன்றினாலும், டுரியானையும் பெலிஞ்சாவையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கலம்தான்.

இச்சொல்லை ஒலிப்பதில் மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. மலாயில் என், ஜி ஆகிய உரோமன் எழுத்துகள் இணைந்து 'ங' என்னும் ஒரே மூக்கொலியாகும். பூவைக் குறிக்கும் 'பூஙா' என்னும் சொல்லில் அதைக் கேட்கலாம். அப்பழக்கத்தில் 'அஙியோ' என்று வாசிக்கத் தோன்றும். பழைய கிரேக்கர் 'சங்கு' என்பதில் வருவதுபோல 'ங்க' என்றே ஒலித்தனர். ஆங்கிலத்திலோ, இச்சொல்லில் 'ஐ' எழுத்துக்கு முன் வரும் 'ஜி' மென்மையாகி 'ஜ' ஒலியைப் பெறுகிறது. 'எஞ்சின்' என்னும் சொல்லில் நிகழ்வதும் இதுவே. அதனால் 'ஆஞ்சியோஸ்பெர்ம்' என்று எழுதினாலே போதும். 'இஞ்சி' என்பதைப் படிப்பதுபோல் படித்தால் உரிய ஒலி தானே வந்துவிடும். அழுத்தம் முதல் அசையாகிய 'ஆஞ்' என்பதில் விழ வேண்டும். 'ஸ்பெர்ம்' என்பதை 'இஸ்பெர்ம்' என்று நீட்டக்கூடாது.